புதுக் கணக்கு முறை பலன் தந்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடக்கப் பள்ளிகளுக்கு ஏதாவது ஒரு புது முறை வந்து சேரும். குறுவள மையத்தில் பயிற்சி, ஒரு பை நிறையத் துணைக்கருவிகள், ஆசிரியர் கையேடு. மார்ச் வந்தால் அதே முறையைப் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ‘பசங்க இப்ப கணக்குல பின்றாங்க சார்’ என்பார் ஒரு பள்ளியின் ஆசிரியர். ‘வருஷத்துக்கு ஒண்ணு கொண்டு வர்றாங்க, ஒண்ணும் மாறல’ என்பார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளியின் ஆசிரியர். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வதாக இருவருமே நினைக்கிறார்கள். உண்மையில் இருவரும் அந்த முறையைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சோதிப்பதற்கு இன்னும் சில வேலைகள் வேண்டும். அவை என்ன, ஏன் வேண்டும் என்பதை, புள்ளியியல் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி, கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளை வைத்தே பார்ப்போம்.

முதலில் ஒரு கழித்தல் கணக்கு

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். நிறைய நோட்டுகளில் விடை 35 என்று இருக்கும். பிள்ளை கவனக்குறைவாகப் போட்டதல்ல அது. ‘ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அப்புறம் அஞ்சுல ரெண்டு போனா மூணு.’ பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற விதியை அது ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறது. 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது மட்டும் மனத்தில் ஏறவில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுப்பது. 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. ஏழு குச்சி எடுக்க வேண்டுமானால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்தால் உதிரி பன்னிரண்டு ஆகிறது. ஏழு போக ஐந்து. மீதமுள்ள நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. விடை 25. குச்சிக்கட்டு ஒன்றும் புதிதல்ல, பல வகுப்பறைகளில் இருப்பதுதான். இங்கே புதிது என்று நாம் வைத்துக்கொள்வது, முதல் இரண்டு மாதம் நோட்டில் கழித்தலை எழுதவே விடாமல் குச்சியும் வாய்க்கணக்குமாகவே ஓட்டுவது. அதன் பிறகுதான் பென்சில்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் எழுதாமல் இருந்தால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று பெற்றோர் கேட்பதும் நியாயம்தான். யோசித்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஜூனில் 6, மார்ச்சில் 13

குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் இந்த முறையைத் தொடங்குகிறோம் என்று கொள்வோம். ஜூனில் ஒரு தேர்வு, இருபதுக்குச் சராசரி 6. முறையைத் தொடங்கும் முன் நிலைமை என்ன என்று பார்க்கும் இந்தத் தேர்வை அடிநிலைத் தேர்வு என்பார்கள். மார்ச்சில் அதே அளவு கடினமான இன்னொரு தேர்வு, சராசரி 13. எண்கள் நான் உதாரணத்துக்குச் சொல்பவை. ஏழு மதிப்பெண் ஏறிவிட்டது, முறை வெற்றி என்று போஸ்டர் அடித்துவிடலாமா?

கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் வயது கூடியிருக்கிறது. தினமும் பள்ளிக்கு வந்திருக்கிறார்கள், கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கியிருக்கிறார்கள், அக்காவிடம் வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறார்கள். குச்சிக்கட்டே இல்லாமலும் சராசரி 12 ஆகியிருக்கலாம். அப்படியானால் முறையின் பங்கு ஒரே ஒரு மதிப்பெண்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் தெருவிலேயே பாடம் நடத்தினார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை 2019-லேயே ஒரு முறை அளந்து வைத்திருந்தார்கள். அதனால் கொரோனாவுக்குப் பிறகு எவ்வளவு இழப்பு, எவ்வளவு மீட்பு என்று கணக்கிட முடிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்பில் ஏறக்குறைய 24 சதவீதத்தை இல்லம் தேடிக் கல்விக்கு உரியது என்று மதிப்பிட்டார்கள்.

மாலை வகுப்புக்கு அது நல்ல பெயர்தான், சந்தேகமில்லை. ஆனால் முன்னும் பின்னும் மட்டும் பார்த்தவர் மொத்த மீட்பையும் திட்டத்தின் கணக்கில் எழுதியிருப்பார். மீதி முக்கால் பங்கு, பள்ளிகள் திறந்ததாலும் மற்றக் காரணங்களாலும் வந்தது.

எதிர்த்திசையிலும் இது ஏமாற்றும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர், புதுச்சேரி இரண்டு ஊர்களிலும் பள்ளிகளுக்குத் தொடர்ந்து விடுமுறை. அந்த வருடம் ஒரு நல்ல முறையைத் தொடங்கியிருந்தால்கூட, முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டால் தோல்வி மாதிரிதான் தெரிந்திருக்கும்.

இன்னொரு பொறி, பலரும் கவனிக்காதது. அடிநிலைத் தேர்வில் கடைசியாக வந்த இருபது பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றில் மட்டும் புது முறையைக் கொண்டுவருகிறோம். அவற்றில் பல ஈராசிரியர் பள்ளிகள், மூன்றாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்தான். தேர்வன்று நன்றாகப் படிக்கும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியின் சராசரியே சரிந்துவிடும். அடுத்த தேர்வில் அவர்கள் வந்துவிடுவார்கள், சராசரி தானாக ஏறும். மிகக் குறைந்த மதிப்பெண் அடுத்த முறை நடுவை நோக்கி வருவதைச் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள். ‘பின்தங்கிய பள்ளிகளில் அபார முன்னேற்றம்’ என்று வரும் செய்திகளில் இதற்கு எவ்வளவு பங்கு என்று ஒரு நொடி யோசிப்பது நல்லது.

இதுவரை பார்த்ததன் சாரம்: பிள்ளைகள் முன்னேறினார்கள் என்பது வேறு, முறையால் முன்னேறினார்கள் என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால், அதே காலத்தில் அந்த முறை இல்லாமல் படித்த பிள்ளைகள் எங்கே வந்து நின்றார்கள் என்று தெரிய வேண்டும். அந்தப் பிள்ளைகளின் தொகுதிக்குப் பெயர் ஒப்பீட்டுக் குழு.

பக்கத்துப் பள்ளியைப் பார்த்தால் போதாதா?

சரி, குச்சிக்கட்டு நடக்கும் பள்ளியையும் நடக்காத பக்கத்துப் பள்ளியையும் ஒப்பிட்டுவிடலாமே? இங்கேதான் நல்ல மனதுள்ளவர்களும் சறுக்குகிறார்கள். ‘யாருக்கு இந்த முறை வேண்டும்’ என்று கேட்டால் முதலில் கை தூக்குபவர் யார்? ஆர்வமுள்ள தலைமை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஈர்க்குச்சி சீவுகிற ஆசிரியை. அவர்கள் வகுப்பில் எந்த முறையைக் கொடுத்தாலும் பிள்ளைகள் கொஞ்சம் நன்றாகத்தான் வருவார்கள். பள்ளிகள் தாங்களாகவே சேர்ந்துகொள்வதால் வரும் இந்தக் கோணலுக்குப் பெயர் தேர்வுச் சாய்வு (இங்கே தேர்வு என்றால் பரீட்சை அல்ல, தேர்ந்தெடுப்பது).

கடலூரில் முறையை நடத்திப் புதுச்சேரியோடு ஒப்பிடுவது அதைவிட மோசம். எல்லை தாண்டினால் பாகூர், தூரம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே அரசுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ பாடத்திட்டம், இங்கே மாநிலப் பாடத்திட்டம். புத்தகமே வேறு. வித்தியாசம் வந்தால் குச்சிக்கட்டுக்கா, புத்தகத்துக்கா, நிர்வாகத்துக்கா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

கென்யாவின் மேற்குப் பகுதியில் நடந்த ஒரு ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. கணக்கு, அறிவியல் பாடங்களுக்காகப் புரட்டிக் காட்டும் பெரிய படத்தாள்கள். அவை ஏற்கெனவே இருந்த பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் சும்மா ஒப்பிட்டபோது, இருந்த பள்ளிகளின் மதிப்பெண் கணிசமாக உயர்ந்து தெரிந்தது. பின்னால் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் அவரது சகாக்களும் 178 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் படத்தாள்களைக் கொடுத்து, முறையாகச் சோதித்தார்கள். பலன் எதுவும் இல்லை. படத்தாள் வாங்கி வைத்திருந்த பள்ளிகள் வேறு பல விதங்களிலும் வசதியாக, அக்கறையாக இருந்திருக்கின்றன. பாராட்டு மட்டும் படத்தாளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வயலில் பிறந்த வழி

இந்தச் சிக்கலை அவிழ்க்க வழி காட்டியவர்கள் வேளாண்மைக்காரர்கள். விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்ற பெயரில் வரும் மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். ஒரு புது ரகம் பழையதைவிட அதிகம் காய்க்குமா என்று பார்க்க, புதியதைக் கிழக்கு வயலிலும் பழையதை மேற்கு வயலிலும் போட்டால் என்ன ஆகும்? கிழக்கில் ஏரி ஈரம், மேற்கில் களர். மூட்டைக் கணக்கு கூடினால் ரகமா, மண்ணா?

‘நல்ல மண்ணாகப் பார்த்து இரண்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறேன்’ என்றால், எது நல்ல மண் என்பதில் பிரிப்பவரின் கண்ணும் ஆசையும் புகுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்களும் உண்டே. 1919-ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் இதற்குச் சொன்ன வழி, நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்பதைக் குலுக்கலில் விடுவது. பாத்திகள் போதிய எண்ணிக்கையில் இருந்தால் ஏரி ஈரமும் களரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். யாரும் கவனிக்காத குணங்களும் அப்படியே பரவும்.

பாத்திக்குப் பதில் பள்ளியை வையுங்கள். மாவட்டத்தில் நாற்பது பள்ளிகள் சம்மதித்திருக்கின்றன. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, இருபதை எடுக்கிறோம். அந்த இருபதில் குச்சிக்கட்டு, மற்ற இருபதில் வழக்கமான வகுப்பு. இதுதான் குலுக்கல் ஒதுக்கீடு. ஞாயிற்றுக்கிழமை ஈர்க்குச்சி சீவுகிற ஆசிரியைகள் இப்போது இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் இரண்டு பக்கத்துக்கும் விடுமுறை. பிள்ளைகள் வளர்வது இரண்டு பக்கத்திலும் நடக்கிறது. மார்ச்சில் ஒரு பக்கம் 13, இன்னொரு பக்கம் 11 என்றால் நாம் பார்ப்பது அந்த 2-ஐ. ஜூனில் 6 இருந்ததே என்ற கதை இனி தேவையில்லை.

ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒன்றுமே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 2022 முதல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்பப் பிரித்துச் செயல்பாடுகள் தருகிறார்கள். ஒப்பீட்டுப் பள்ளிகளில் அது தொடரும். அதற்கு மேல் குச்சிக்கட்டு என்ன கூடுதலாகத் தருகிறது என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே நன்றாகச் சொல்லித்தரும் இடத்தில் ஒரு புது முறைக்குச் சின்னப் பலன்தான் தெரியும். ஒன்றும் நடக்காத இடத்தில் அதே முறை பெரிய அதிசயமாகத் தெரியும். வேறு நாட்டில் பலித்தது என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அங்கே எதோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்வதே இல்லை.

பிள்ளைகளைக் குலுக்குவதா, பள்ளிகளைக் குலுக்குவதா?

ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் குச்சி கொடுத்து மீதிப் பேருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. மதிய உணவு இடைவேளைக்குள் எல்லோர் கையிலும் குச்சி இருக்கும். ஆசிரியரும் காலையில் கற்ற உத்தியை மதியம் மறந்துவிட மாட்டார். ஒரு குழுவுக்குக் கொடுத்தது மற்றக் குழுவுக்கும் போவதைக் கசிவு என்கிறார்கள். அதைத் தவிர்க்கத்தான் முழுப் பள்ளியையே ஒரு சீட்டாக எழுதுகிறார்கள்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பக்கம் 500 பிள்ளைகள் வீதம் இரண்டே பெரிய பள்ளிகளை எடுத்துச் சோதித்துவிட்டு ‘ஆயிரம் பிள்ளைகளிடம் சோதித்தோம்’ என்றால், அது இரண்டு பாத்தியில் மல்லாட்டை போட்ட கதைதான். ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியருக்குக் கலந்தாய்வில் மாறுதல் கிடைத்துப் போய்விட்டால் மொத்தச் சோதனையும் சாய்ந்துவிடும். ஒரு பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே ஊர், ஒரே கூரை. அதனால் பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடப் பள்ளிகளின் எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்க வேண்டும். நூறு பள்ளிகளில் பத்துப் பத்துப் பிள்ளைகள் என்பது பத்துப் பள்ளிகளில் நூறு நூறு பிள்ளைகளைவிட எவ்வளவோ மேல்.

கேள்வித்தாளில்தான் பாதி விஷயம்

என்னைக் கேட்டால், முறையான சோதனைகளும் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். அந்தக் கழித்தல் கணக்குக்கே திரும்புவோம். தேர்வில் 58-லிருந்து 23-ஐக் கழி என்று கேட்டால், பத்தும் ஒன்றும் புரிந்த பிள்ளையும் 35 எழுதும், ‘பெரியதிலிருந்து சிறியது’ விதியில் போகும் பிள்ளையும் 35 எழுதும். இரண்டுக்கும் முழு மதிப்பெண். கேள்வித்தாள் முழுக்க இப்படிப்பட்ட கணக்குகள் என்றால், குச்சிக்கட்டு எவ்வளவு அழகாகப் புரியவைத்தாலும் இரு குழுவும் சமமாகத்தான் வரும். 52 கழித்தல் 27 போன்றவை இருந்தால்தான் உள்ளே நடந்த மாற்றம் வெளியே தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஒரு கோளாறு உண்டு. முறையை உருவாக்கியவர்களே கேள்வித்தாளையும் தயாரித்தால், குச்சிக்கட்டுப் படம் போட்டு ‘எத்தனை?’ என்று கேட்டுவிடுவார்கள். ஒன்பது மாதம் அதையே பார்த்த பிள்ளைகள் சட்டென்று எழுதிவிடும், மற்றவர்கள் முழிப்பார்கள். இதை வைத்துக் கழித்தல் வந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

டெல்லியில் நடந்த ஒரு சோதனை இந்த இடத்தில் கண்ணைத் திறக்கும். 214 மழலையர் வகுப்புகளில், சராசரியாக ஐந்து வயதுக்குச் சற்றுக் குறைந்த 1,540 பிள்ளைகள். நான்கு மாதம் கணக்கு சார்ந்த விளையாட்டுகள். எந்தக் கூட்டத்தில் புள்ளிகள் அதிகம், எந்த உருவம் மற்றவற்றிலிருந்து மாறுபட்டது என்பது மாதிரி. 2017-ல் முடிவு வெளியானது. விளையாடிய திறன்களில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள், அந்த முன்னேற்றம் நிலைத்தும் நின்றது. எண் குறியீடுகளை வைத்துப் போடும் கணக்கிலும் உடனடியாகக் கொஞ்சம் ஏற்றம் தெரிந்தது. ஆனால் பள்ளிக்குப் போய்ப் பள்ளிக் கணக்கைக் கற்றபோது அவர்களுக்கு எந்த முந்திக்கொள்ளலும் இல்லை. விளையாட்டில் கூர்மையான புத்தி நோட்டுக் கணக்குக்குத் தானாகத் தாவவில்லை. முதல் அளவோடு நிறுத்தியிருந்தால் ‘விளையாட்டால் கணக்கு வரும்’ என்று முடித்திருப்பார்கள்.

2025-ல் வெளியான இன்னொரு ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றியது. கிலோ இவ்வளவு, எடை இவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று மனக்கணக்காகவே சரியாகச் சொல்லும் அந்தப் பிள்ளைகள், பள்ளி நடையில் எழுதிக் கொடுத்த எளிய கணக்குகளில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் நேர்மாறு, நோட்டில் போடுவார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். கடலூர் முதுநகர் மீன் அங்காடியில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் இப்படி யோசித்துப் பார்க்கலாம். அதற்குக் கணக்கு வருமா வராதா என்பது கேட்கும் விதத்தைப் பொறுத்தது. அதனால் எழுத்துத் தேர்வோடு வாய்மொழிக் கேள்விகளும் வைப்பதுதான் நல்ல சோதனை.

நடைமுறையில் இன்னும் சில. திருத்துபவருக்கு அது எந்தக் குழுப் பள்ளியின் தாள் என்று தெரியக் கூடாது. வகுப்பு ஆசிரியரே தேர்வு நடத்தினால் கை கொஞ்சம் தாராளமாகும், அது மனித இயல்பு. தேர்வன்று வராத பிள்ளைகளைத் தேடிப் பிடித்தும் எழுதவைக்க வேண்டும். தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்கு மறுநாள் தேர்வு வைத்தால் பாதி வகுப்பு காலியாக இருக்கும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் நடுவில் காணாமல் போவார்கள். ஒரு குழுவில் மட்டும் தடுமாறும் பிள்ளைகள் அதிகம் விடுபட்டால் அந்தக் குழுவின் சராசரி, யாரும் எதுவும் கற்காமலேயே உயர்ந்துவிடும். இதை விடுபடல் என்கிறார்கள். ஓர் ஆய்வில் எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் கடைசியில் எழுதினார்கள் என்ற இரண்டு எண்களும் இல்லையென்றால் நான் அதை மேற்கொண்டு படிப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு முறை மூச்சு வாங்கிக்கொள்வோம். பள்ளிகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தோம். இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே தாளில், வெளியாள் மூலம் அளந்தோம். கையில் இரண்டு சராசரிகள் இருக்கின்றன.

3 மதிப்பெண் வித்தியாசம்: முறையா, குலுக்கலா?

குச்சிக்கட்டுப் பள்ளிகள் 3 மதிப்பெண் கூடுதல் என்று வந்துவிட்டதாகக் கொள்வோம். சந்தோஷப்படும் முன் ஒரு சந்தேகம். குலுக்கலில் நல்ல பள்ளிகள் கொஞ்சம் அதிகமாக இந்தப் பக்கம் விழுந்திருக்கலாமே?

இதைப் பார்க்க ஒரு எளிய உத்தி உண்டு. நாற்பது பள்ளிகளின் மதிப்பெண்களை அப்படியே வைத்துக்கொண்டு, யார் எந்தக் குழு என்பதை மட்டும் மறந்துவிட்டு, மறுபடி சீட்டுக் குலுக்கி இருபது இருபதாகப் பிரியுங்கள். இது பொய்க் குலுக்கல், முறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் என்ன வித்தியாசம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் இதை ஆயிரம் முறை செய்யச் சொன்னால் கண நேரத்தில் முடித்துவிடும். ஆயிரம் பொய்க் குலுக்கலில் முந்நூறு தடவை 3 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்தால், நமக்கு வந்த 3-ம் அப்படி வந்ததாகவே இருக்கலாம். பத்துத் தடவைதான் வந்தது என்றால், குலுக்கல் மட்டும் இவ்வளவு வித்தியாசத்தைத் தருவது அபூர்வம், முறைக்கு ஏதோ பங்கு இருக்கிறது என்று சொல்லத் தைரியம் வருகிறது. செய்தியில் வரும் ‘புள்ளியியல் ரீதியாக முக்கியத்துவம் வாய்ந்தது’ என்ற சொற்றொடர் இதைத்தான் குறிக்கிறது. அதற்குப் ‘பெரிய பலன்’ என்று அர்த்தம் கிடையாது. ஆயிரம் பள்ளிகளில் சோதித்தால் கால் மதிப்பெண் வித்தியாசம்கூட இந்தத் தகுதியைப் பெற்றுவிடக்கூடும். கால் மதிப்பெண்ணுக்காக எல்லா ஆசிரியருக்கும் ஐந்து நாள் பயிற்சி வைப்பதா என்பது தனிக் கேள்வி. அதைப் பணத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பலன் இல்லை என்று வந்தால்

முறை சரியில்லை என்று உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை. முதலில் அது வகுப்பில் நடந்ததா? துணைக்கருவிப் பை பீரோவிலேயே பத்திரமாக இருந்ததா?

பிரதம் என்ற தொண்டு நிறுவனம், பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக் குழுவாகப் பிரித்துக் கற்பிக்கும் வழியைப் பல வருடங்களாக நடத்துகிறது. 2019-ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரின் குழு அதைப் பல மாநிலங்களில் குலுக்கல் முறையில் சோதித்தது. பீகாரிலும் உத்தராகண்டிலும் பள்ளி நாட்களில் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருட்களும் மட்டும் கொடுத்துவிட்டபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாடப் புத்தகத்தை முடிக்கும் அவசரத்தில் ஆசிரியர்கள் பழையபடியே போனார்கள். ஹரியானாவில் இதற்கென்று தினமும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, மேற்பார்வையாளர்கள் வகுப்புக்கே வந்து கைகொடுத்தபோது பிள்ளைகளின் மொழித்திறன் உயர்ந்தது. கற்பித்த முறையில் பெரிய மாற்றமில்லை, பள்ளிக்குள் அதற்கு இடம் ஒதுக்கிய விதம்தான் மாறியது. நம் சோதனையிலும் ஆசிரியர் பயிற்றுநர்கள் முன்னறிவிப்பில்லாமல் போய், அன்று குச்சிக்கட்டு வெளியே வந்ததா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் ‘பலன் இல்லை’ என்ற முடிவுக்கு அர்த்தமே இல்லை.

மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி இதுதான். ‘நல்ல முறைன்னா எல்லாருக்கும் குடுங்க. இல்லன்னா எங்க பிள்ளைங்க மேல ஏன் சோதிக்கிறீங்க?’ கோபம் நியாயமானது. ஆனால் நல்ல முறை என்று தெரிந்துவிட்டால் சோதனையே தேவையில்லை. இரண்டு மாதம் எழுதாமல் இருப்பது பிள்ளைகளைப் பின்னுக்கும் தள்ளலாம், அந்தச் சந்தேகம் இருப்பதால்தான் சோதனை. வருடா வருடம் சொல்லாமல் கொள்ளாமல் புது முறைகளை எல்லாப் பள்ளியிலும் ஒரே நாளில் இறக்குவதும் பிள்ளைகள் மேல் நடக்கும் சோதனைதான், அதன் முடிவை மட்டும் யாரும் குறித்து வைப்பதில்லை. பெற்றோரிடம் நேராகச் சொல்லிச் சம்மதம் வாங்குவதும், ஒரு குழு பின்தங்குவது நடுவிலேயே தெரிந்தால் நிறுத்துவதும் சோதனை நடத்துபவர்களின் கடமை.

நடைமுறையில் ஒரு சுமுகமான ஏற்பாடு இருக்கிறது. எப்படியும் ஒரே வருடத்தில் மாவட்டம் முழுக்கப் பயிற்சி கொடுக்க ஆள் இருக்காது. அப்படியானால் முதல் வருடம் யாருக்கு, இரண்டாம் வருடம் யாருக்கு என்பதைக் குலுக்கலில் விட்டுவிடலாம். இரண்டாம் வருடப் பள்ளிகள்தான் முதல் வருடத்துக்கு ஒப்பீட்டுக் குழு. யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை, வரிசை மட்டும்தான். இதைப் படிப்படியான ஒதுக்கீடு என்கிறார்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. இரண்டாம் வருடம் எல்லோருக்கும் போய்விட்ட பிறகு ஒப்பிட யாரும் மிச்சமில்லை. அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்து வகுத்தலில் எப்படி இருக்கிறார்கள், குச்சிக்கட்டின் பலன் அங்கேயும் நிற்கிறதா என்று அறிய வழி இருக்காது. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுக்க விரிந்தது. அதன்பின் ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாத அரசுத் தொடக்கப் பள்ளிகள் கிடைக்கவில்லை. அதனால் ஒப்பீட்டுக்கான வருடம் ஒன்றே ஒன்று என்றால், அடிநிலைத் தேர்வு, வெளியாள் தேர்வு, விடுபட்டவர்களைத் தேடுவது, வகுப்பறைக் குறிப்பு எல்லாவற்றையும் அந்த வருட ஜூனுக்கு முன்பே திட்டமிட்டு வைத்திருக்க வேண்டும்.